தைல மரத்தடியில் புல்

எங்கள் ஊர்ப் பக்கம் அதை யூகலிப்டஸ் என்று யாரும் சொல்வதில்லை. தைல மரம் என்போம். வயதானவர்களுக்கு அது ஆர்.எஸ்.பதி மரம், சளிக்குத் தேய்க்கும் தைலக் குப்பியின் பெயரே மரத்துக்கும் ஒட்டிக்கொண்டது. புதுக்கோட்டைச் செம்மண்ணில் இரண்டு எட்டுக்கு ஒன்றாக, வரிசை பிசகாமல் நிற்கும். உள்ளே நடந்தால் சருகு சரசரக்கும். தேடினாலும் புல் பூண்டு அகப்படாது. ஆட்டை அவிழ்த்துவிட்டால் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாது. நிலத்தடி நீரைக் குடித்துவிடுகிறது, கண்மாய்க்கு வரும் தண்ணீரை மறிக்கிறது என்று அதன் மேல் ஊரில் இருக்கும் புகார்களைச் சொல்லி மாளாது. வெட்டி விற்கிறவர்களைத் தவிர அந்த மரத்தைப் பற்றி நல்ல வார்த்தை பேசிய ஒருவரை நான் பார்த்ததில்லை.

ஆகவே, கான்பெராவில் இருக்கும் அக்கா மகள், “நாளைக்கு சாயங்காலம் உங்கள தைல மரக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் மாமா” என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விமானத்தில் முட்டியை மடக்கிக்கொண்டு கண்டம் தாண்டி வந்தது இதற்குத்தானா?

“மரத்தப் பாக்காதீங்க. தரையப் பாருங்க” என்றாள்.

அவளுக்குக் கம்ப்யூட்டரில் வேலை. சனி ஞாயிறுகளில் களை பிடுங்கும் தன்னார்வக் குழு ஒன்றோடு சுற்றுகிறாள். ஊரில் இருந்தவரை ஒரு நாள் வயலில் இறங்கியவள் இல்லை. இப்போது களை பிடுங்குகிறாள் என்று அக்காவிடம் சொன்னால் நம்பமாட்டாள்.

அவள் வீடு நகரத்தின் வட கோடியில், கங்காலின் பகுதியில். எல்லாம் புது வீடுகள், புது ரவுண்டானாக்கள், பெயர் தெரியாத இளஞ்செடிகள். காரில் பத்து நிமிடம் போனதும் வீடுகள் சட்டென்று நின்று ஒரு கம்பி வேலி தொடங்குகிறது. மல்லிகன்ஸ் ஃபிளாட். வேலியின் உச்சியில் வலை வெளிப்பக்கமாகத் தொளதொளவென்று வளைந்து தொங்குகிறது. ஏறி வரும் பூனையோ நரியோ அதில் காலை வைத்தால் வலை மடங்கி ஆளைக் கீழே தள்ளிவிடும். விறைப்பாக நிற்கும் வேலியைவிட வளைந்து கொடுக்கும் வேலிதான் நரியைத் தடுக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி. 2009இல் போட்டு முடித்தபோது சுற்றளவு 11.5 கிலோமீட்டர், உள்ளே 485 ஹெக்டேர். பிற்பாடு பக்கத்து வனப்பகுதியையும் சேர்த்து விரித்திருக்கிறார்கள்.

இரட்டைக் கதவைத் தாண்டி உள்ளே போனபோது இன்னும் வெயில் இருந்தது. நான் எதிர்பார்த்து வந்த காடு அங்கே இல்லை. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே மாட்டுவண்டியைப் பூட்டித் திருப்பலாம். ஒவ்வொரு மரமும் நம்மூர்ப் புளிய மரம்போல அகலமாகக் கிளை விரித்து, தனக்கென்று ஒரு நிழல் வட்டம் போட்டு நிற்கிறது. கையால் பிடித்துவிடும் பருமனில் ஈட்டிபோல மேலே போகும் மரத்தையே பார்த்துப் பழகியவனுக்கு, ஐந்து பேர் கைகோத்தால்தான் வளைக்க முடிகிற தைல மரம் ஒரு அதிர்ச்சிதான். அந்த மரங்களுக்கு இடையில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, புல்.

மூன்று மரங்களின் பெயரால் அந்தக் காட்டை அழைக்கிறார்கள்: வொயிட் பாக்ஸ், யெல்லோ பாக்ஸ், பிளேக்லிஸ் ரெட் கம். குயின்ஸ்லாந்தின் தெற்கில் தொடங்கி, நியூ சவுத் வேல்ஸின் மலைச்சரிவுகளிலும் மேட்டுநிலங்களிலும் இறங்கி, விக்டோரியா மாநிலம்வரை நீண்டுகிடந்த காடு. மூன்றும் எல்லா இடத்திலும் சேர்ந்தே நிற்கும் என்பதில்லை. கான்பெரா பக்கம் பின்னவை இரண்டுதான் அதிகம். யெல்லோ பாக்ஸின் உள்பட்டை மஞ்சள். அதன் தாவரப் பெயரிலேயே தேன் மணம் இருக்கிறது. அந்தத் தேன் எளிதில் உறையாது என்பதால் கடையில் கொஞ்சம் கூடுதல் விலை. பிளேக்லிஸ் ரெட் கம் வழவழவென்று சாம்பலும் வெளிர் சிவப்புமாகத் திட்டுத்திட்டாகப் பட்டை உரியும் மரம். அதன் அடிமரத்தைத் தடவிப் பார்த்தபோது ஊர் ஞாபகம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. மைசூர் கம் என்று நம் பக்கம் ஊன்றிய இனமும் இதுவும் ஒரே ரெட் கம் கொடிவழி. புதுக்கோட்டையில் நிற்பது இதன் பங்காளி.

“இப்ப குனிஞ்சு பாருங்க” என்றாள்.

குனிந்தேன். புல்லுக்குள் சின்னச் சின்னக் குழிகள். கோலிக்குண்டு விளையாட யாரோ தோண்டிவிட்டுப் போனதுபோல, கூம்பாக, ஈர மண் இன்னும் காயாமல். பெட்டாங் தோண்டியது. பெட்டாங் என்பது முயலைவிடச் சிறிய, எலி முகம் கொண்ட ஒரு கங்காரு வகை. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் நரியும் பூனையும் அதை ஒழித்து நூறு வருடம் ஆயிற்று. டாஸ்மேனியாத் தீவில் மட்டும் தப்பிப் பிழைத்தது. 2012இல் அங்கிருந்து கொண்டுவந்து இந்த வேலிக்குள் விட்டார்கள். மண்ணுக்குள் விளையும் காளான்தான் அதற்கு முக்கிய ஆகாரம். தோண்டித் தின்ற காளானின் வித்து எச்சத்தோடு போய் வேறு இடத்தில் விழுகிறது. அந்தக் காளான் நூல்கள் மரத்தின் வேரோடு பிணைந்து அதற்குச் சத்து தேடிக் கொடுக்கின்றன. தோண்டிய குழியில் மழைத் தண்ணீர் தங்குகிறது, விதை விழுகிறது. கூலி இல்லாத உழவு.

அங்கங்கே பெரிய மரத்துண்டுகள் கிடந்தன. விழுந்தவை அல்ல, கொண்டுவந்து போட்டவை: மொத்தம் 2,000 டன். ஒரு காலத்தில் மேய்ச்சல் நிலமாக இருந்தபோது கீழே கிடந்ததையெல்லாம் விறகுக்குப் பொறுக்கித் துடைத்துவிட்டார்கள். பல்லி, வண்டு, சிலந்தி எல்லாம் ஒதுங்க இடமில்லாமல் போயிற்று. அதனால் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் லாரி லாரியாகக் கட்டைகளை ஏற்றிவந்து போட்டு, எந்த இடத்தில் என்ன திரும்பி வருகிறது என்று கணக்கு எடுக்கிறார்கள். சுள்ளி பொறுக்கப் போய் வனக்காவலரிடம் வசவு வாங்கியவர்கள் நிறைந்த ஊரில் பிறந்த எனக்கு, காட்டுக்கு விறகு கொண்டுபோய்ப் போடுகிற காரியம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இருட்டியதும் வழிகாட்டி ஒருவர் எங்கள் பத்துப் பேரைச் சிவப்பு விளக்கோடு அழைத்துப்போனார். வெள்ளை வெளிச்சம் அந்தப் பிராணிகளின் கண்ணுக்கு ஆகாதாம். கொஞ்ச தூரத்திலேயே ஒரு பெட்டாங் தத்தித் தத்திப் பாதையைக் கடந்தது. வாலைச் சுருட்டி அதில் ஒரு கைப்பிடி காய்ந்த புல்லைச் செருகி எடுத்துப்போனது. கூடு கட்ட. சுள்ளிக்கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போகும் கிழவியின் நடை. சற்று நேரத்தில் எங்கோ ஒரு பெண் ஓலமிட்டதுபோல நீண்ட குரல் கேட்டு எல்லோரும் நின்றுவிட்டோம். புஷ் ஸ்டோன் கர்லூ என்ற பறவை. பெரிய கண், குச்சிக்கால். இந்தப் பகுதியில் அற்றுப்போய், 2014இல் மீண்டும் கொண்டுவந்து விட்டது. அந்தக் குரல் கேட்ட இரவுகளில் பண்ணைக் குடிசையில் தனியாகப் படுத்திருந்தவர்களை நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. புட்டு, மிளகாய்ப்பொடி, பிளாஸ்க் நிறையக் காபி என்று ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அன்று நாங்கள் பார்க்கப்போனவை பெரும்பாலும் இடுகாடுகள். அதைக் கேட்டதும், “நல்ல காரியத்துக்குத்தான் கூப்பிட்டிருக்க” என்றேன்.

முந்தின நாள் பார்த்த அந்த மூன்று மரக் காடு 2006இல் ஆஸ்திரேலிய மத்திய அரசின் பட்டியலில், அழிவின் கடைசி விளிம்பில் இருக்கும் சமூகமாகச் சேர்ந்தது. தனி ஒரு மரமோ பறவையோ அல்ல, மரம், புல், பூண்டு எல்லாம் சேர்ந்த குடும்பம் மொத்தமும். நல்ல நிலையில் மிஞ்சியது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. காரணம் அதன் நல்ல குணம்தான். மரம் நெருக்கமில்லை, மண் ஆழமானது, புல் தயாராக இருக்கிறது. ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1861இல் வந்த நிலச் சட்டம் சிறு குடியேறிகளுக்கும் நிலத்தைத் திறந்துவிட்டது. நிலத்தைத் திருத்திக் காட்டவேண்டும் என்பது நிபந்தனை. திருத்துவது என்றால் மரத்தைக் கொல்வது. கோடாலியால் வெட்டிச் சாய்ப்பது பெரிய வேலை. அடிமரத்தில் ஒரு சுற்றுப் பட்டையைச் சீவிவிட்டால் மரம் நின்றபடியே செத்துப்போகும். அப்படி நின்று செத்தவை கோடிக்கணக்கில் இருக்க வேண்டும்.

நகர எல்லையிலேயே ஹால் என்ற சிற்றூர். அதன் இடுகாட்டில் ஒரு ஆர்க்கிட் இருக்கிறது, டாரெங்கோ லீக் ஆர்க்கிட். உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் அது உண்டு. அந்தப் பட்டியலைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: ஹால் இடுகாடு, கேப்டன்ஸ் ஃபிளாட் இடுகாடு, இல்ஃபோர்ட் இடுகாடு, பூரோவா பக்கத்தில் மாட்டுவழிப் புறம்போக்கு. வெங்காயத்தாள் மாதிரி ஒற்றை இலை. அதைப் பிளந்துகொண்டு தண்டு வரும். அதில் பச்சையும் வெள்ளையும் ஊதாவுமாகப் பொடிப் பூக்கள். புல்லோடு புல்லாக நிற்கும். பாதையை விட்டு இறங்காமல் ஒரு மணி நேரம் மண்டியிட்டுத் தேடினோம். கிடைத்தது ஒரு மேக்பையின் கொத்து. கூடு கட்டும் பருவத்தில் இந்தக் கறுப்பு வெள்ளைப் பறவை ஆளைப் பின்னாலிருந்து பாய்ந்து தலையில் கொத்தும். இந்த ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் நாடாக்களை முள்ளம்பன்றி மாதிரி செருகிக்கொண்டு போவதன் ரகசியம் அப்போதுதான் விளங்கியது. வழுக்கைத் தலையைத் தடவியபடி காருக்குத் திரும்பினேன். ஆர்க்கிட் எங்களைப் பார்த்திருக்கும்.

யாஸ் ஊரைத் தாண்டி பூரோவா நோக்கித் திரும்பியதும் இரு பக்கமும் உருளும் குன்றுகள். கனோலாப் பயிரின் மஞ்சள் வடிந்துகொண்டிருந்தது. சில சரிவுகள் முழுக்க ஊதா. படம் எடுக்கக் காரை நிறுத்தச் சொன்னேன். “அது பேட்டர்சன் சாபம் மாமா” என்று அவள் வண்டியை நிறுத்தவே இல்லை. அந்தச் செடிக்குப் பெயரே அதுதான். மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு வந்த பூச்செடி, வேலி தாண்டி மேய்ச்சல் நிலத்தை விழுங்கிவிட்டது. குதிரை தின்றால் ஈரல் போய்விடும்.

அந்த வயல்களில் தனித்தனியாகப் பெரிய மரங்கள் நிற்கின்றன. பார்க்க அழகு. ஆனால் எல்லாம் கிழங்கள், கீழே ஒரு கன்றுகூடக் கிடையாது. முளைத்ததை ஆடு கடித்துவிடுகிறது. நூறு வருடத்துக்கு மேல் வயதானால்தான் ஒரு கிளை ஒடிந்து, கறையானும் பூஞ்சையும் அரித்து, பொந்து விழும். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தி இனமே கிடையாது. பொந்து குடைந்து கொடுக்க ஆள் இல்லை. சூப்பர்ப் பேரட் என்ற கிளி அப்படிப்பட்ட பொந்தில்தான் முட்டையிடும். பூரோவா ஊருக்கு முன்னால் மூன்று பறந்தன. நம் பச்சைக்கிளியை இழுத்து நீட்டியதுபோல உடம்பு, ஆணுக்கு மஞ்சள் முகமும் கழுத்தில் சிவப்புப் பட்டையும். இந்தக் கிழங்கள் விழுந்தால் அடுத்த பொந்துக்கு இன்னொரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டும். கிளிக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.

இதைவிடச் சங்கடமான கதை ரீஜண்ட் ஹனிஈட்டருடையது. கறுப்பும் மஞ்சளுமாகச் சல்லடை போட்டதுபோன்ற தேன்பறவை, பாக்ஸ் மரங்களின் பூவைத் தேடி அலைவது. ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக இருந்தது. இப்போது சில நூறு. இளம் ஆண்பறவை, மூத்த ஆண் பாடுவதைக் கேட்டுத்தான் பாட்டுக் கற்கும். கேட்க மூத்தவர் யாரும் பக்கத்தில் இல்லாததால், பத்தில் ஒன்றுக்கு மேல் வேறு இனப் பறவையின் பாட்டைப் படித்து வைத்திருப்பதாக 2021இல் ஒரு ஆய்வு வந்தது. அந்தப் பாட்டுக்குப் பெண்பறவை வருவதும் அரிது.

பூரோவா சுற்றுவட்டாரத்தில் என்னைப் பேச்சற்றுப் போகச் செய்தது வேறு ஒன்று. ஒரு சரிவின் அடியில் மண் வெளிறி, பொருக்குத் தட்டி, எதுவும் முளைக்காமல் கிடந்தது. உப்பு. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் எப்படி வந்தது? மரங்கள் இருந்தவரை ஆழத்து ஈரத்தை வேரால் இழுத்துக் குடித்து, நிலத்தடி நீர் மட்டத்தைக் கீழேயே வைத்திருந்தன. மரத்தைக் கொன்றதும் குடிக்க ஆளில்லாமல் மட்டம் மேலே ஏறியது. மண்ணுக்குள் உறங்கிய உப்பையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தது. “தைல மரம் தண்ணியக் குடிக்குது” என்று புதுக்கோட்டையில் நாங்கள் பஞ்சாயத்து கூட்டுகிறோம். அதே மரம் தண்ணீரைக் குடிக்காததால் இங்கே வயல் செத்துக் கிடக்கிறது. இப்போது சரிவு சரிவாக மறுபடி மரம் நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நண்பகலில் ஒரு மாட்டுவழியில் ஒதுங்கிப் புட்டைப் பிரித்தோம். சாலையை ஒட்டி அகலமான பட்டையாக நீளும் பொது நிலம் அது. ரயிலும் லாரியும் வருவதற்கு முன்னால் ஆடு மாடுகளைச் சந்தைக்கு நடத்திக் கொண்டுபோக ஒதுக்கிய தடம். நம்மூர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரிதான், ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு நீளும். நீண்ட மேய்ச்சல் வெளி என்ற பொருளில் ஊர்வாயில் ஒரு செல்லப்பெயர் உண்டு. பஞ்ச காலத்தில் இன்றும் அங்கே மந்தையை இறக்கிவிடுவார்கள். விதி ஒன்றுதான்: மந்தை ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, நாளுக்கு இவ்வளவு தூரம் நகர்ந்தே தீரவேண்டும். கடித்துவிட்டு நகர்ந்துவிடும் மந்தையால் புல்லுக்குக் கெடுதல் இல்லை. உழவும் படவில்லை, உரமும் விழவில்லை. யாருக்கும் சொந்தமில்லாததால் பிழைத்த நிலம். புறம்போக்கு என்பதை நாம் வசவுச் சொல்லாக ஆக்கிவிட்டோம்.

அந்தப் பட்டையின் ஒரு பகுதியில் மரமே இல்லை. வெறும் புல். அவள் அதைக் காட்டி, “இதுவும் அந்தக் காடுதான். சட்டப்படி” என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, பட்டியலில் உள்ள முழுப் பெயரிலேயே, மரம் போனபின் எஞ்சிய இயல்புப் புல்வெளியும் சேர்த்தி. தரை அப்படியே இருந்தால், மரம் போயிருந்தாலும் அது காடு. ஒரு துண்டு நிலம் இந்தக் கணக்கில் சேரக் குறைந்தது 0.1 ஹெக்டேர் போதும். நம்மூர்க் கணக்கில் சுமார் 25 சென்ட், நான்கைந்து வீட்டு மனை அளவு. அதில் தரைமட்டத்தில் பெரும்பங்கு உள்ளூர்ச் செடியாக இருக்கவேண்டும். புல்லைச் சேர்க்காமல் பன்னிரண்டு வகையாவது வேண்டும். அதில் ஒன்றாவது முக்கியமானதாக இருக்கவேண்டும். மரங்களை நம்பியும் ஒரு நிலம் பட்டியலில் ஏறலாம். அதற்கு நிலம் 2 ஹெக்டேராவது இருக்கவேண்டும். எங்கள் தைல மரக் காட்டில் மரத்துக்கு வரிசை எண் உண்டு. தரையை யாரும் எண்ணியதில்லை.

புல்லில் எந்தப் புல் என்பதுதான் விஷயம். கையளவு தூராக, நுனியில் செம்பழுப்பு ஏறி, போன கோடையின் காய்ந்த தாள்கள் நடுவில் துருத்தி நிற்க, ஒன்று இருந்தது. கங்காருப் புல். பெயரைப் பார்த்து ஆஸ்திரேலியாவுக்கே சொந்தம் என்று எண்ணவேண்டாம். ஆப்பிரிக்காவில் உண்டு, நம் நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளிலும் இதே புல்தான். 1840களில் ஊட்டிக்குத் தைல மரம் வந்தது; பிறகு மலை மலையாக அந்தப் புல்லின் தலைமேல்தான் அதை நட்டார்கள். இங்கே அந்த மரத்தின் காலடியில் உட்கார்ந்து அரசாட்சி செய்கிற புல்லை, அங்கே அந்த மரத்தையே கொண்டு மூடினோம்.

இந்தப் புல்லுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம். மண்ணில் உள்ள நைட்ரேட்டை உறிஞ்சி எப்போதும் அடிமட்டத்திலேயே வைத்திருக்கும். அந்தப் பட்டினி மண்ணில் வந்தேறிக் களைக்குப் பிழைப்பு இல்லை. ஆனால் ஓயாமல் மேய்ந்தால் கங்காருப் புல்தான் முதலில் சாகும். அது போனதும் நைட்ரேட் ஏறும். அப்புறம் காட்டு ஓட்ஸ், பார்லிப் புல், முள் எல்லாம் வரும். இதற்கு மேல் இருபதாம் நூற்றாண்டில் சூப்பர் பாஸ்பேட்டையும் தீவனத்துக்கான அன்னிய குளோவர் விதையையும் விமானத்திலிருந்துகூடத் தூவினார்கள். கம்பளி விலை ஏறியிருந்த காலம். உரம் போட்டால் நிலம் கெடும் என்று யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. எங்கள் பக்கம் ராமநாதபுரத்துக் கீதாரி ஆட்டுக்கிடை போடுவதற்கு நாங்கள் காசு கொடுத்துக் காத்திருப்போம். இங்கே நிழலுக்காக ஆடு அடைந்து புழுக்கை போட்ட மரத்தடிதான் முதலில் பாழாகும். சத்து ஏறிய இலையைத் தேடிப் பூச்சி வரும், மரமும் நாளடைவில் மொட்டையாகும்.

வியாதி விசித்திரம் என்றால் வைத்தியம் அதைவிட விசித்திரம். சூசான் புரோபர் என்ற தாவரவியலாளரும் கூட்டாளிகளும் இந்தச் சரிவுகளில் கெட்டுப்போன நிலத்தில் சர்க்கரை கொட்டிப் பார்த்தார்கள். டீயில் போடுகிற அதே வெள்ளைச் சர்க்கரை. அதைத் தின்று மண் நுண்ணுயிர்கள் பெருகும். பெருகும்போது நைட்ரேட்டை இழுத்துத் தங்களுக்குள் பூட்டிக்கொள்ளும். களை பட்டினி கிடக்கும். அந்த இடைவெளியில் கங்காருப் புல் விதை முளைத்து வேர் பிடித்துவிடும். பிறகு சர்க்கரை தேவையில்லை, புல்லே பார்த்துக்கொள்ளும். ஊருக்குப் போய் இதைச் சொன்னால், மாமாவுக்கு வெளிநாட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள்.

மாண்டீகிள் போய்ச் சேரும்போது மணி நான்கு தாண்டிவிட்டது. யங் என்ற செர்ரிப்பழ ஊருக்கு வடக்கே சின்னக் கிராமம். அதன் இடுகாட்டைத்தான் காலையிலிருந்து கடைசிக்கு என்று வைத்திருந்தாள். வேலி ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு, இடுப்பளவு வளர்ந்த சாலையோரப் புல்லை மிதித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அவள் பின்னால் ஷூவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மண், ஒரே மழை. இந்தப் பக்கம் ஆடு மேய்ந்த வயல், ஒரே நிறப் பச்சை, காயத் தொடங்கியிருந்தது. அந்தப் பக்கம், பழைய கல்லறைகளுக்கு நடுவே, யாரோ சாந்துப்பொட்டுகளை வாரி இறைத்ததுபோல. மஞ்சள் பல்பைன் லில்லி, வெள்ளையும் மஞ்சளுமாகத் தொட்டால் காகிதம்போல மொறுமொறுக்கும் டெய்ஸி, ஊதாவில் ஒன்று, பெயர் தெரியாதவை பல. புதைகுழியை ஆடு மிதிக்கக் கூடாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ வேலி போட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. எவரும் புல்லைக் காப்பாற்ற நினைக்கவில்லை. செத்தவர்களுக்குக் காட்டிய மரியாதையில் புல் பிழைத்துக்கொண்டது. எங்கள் ஊர் அய்யனார் கோயில் காட்டில் ஒரு குச்சியை ஒடிக்கப் பயப்படுவோம். அந்தப் பயத்தால்தான் அங்கே இன்னும் காரையும் உசிலையும் நிற்கின்றன.

ஒரு கல்லறையின் பக்கத்தில் மெல்லிய தண்டில் ஊதாப் பூ ஒன்று தலை கவிழ்ந்து ஆடியது. “மோந்து பாருங்க” என்றாள். முழங்கால் ஊன்றி, கை ஊன்றி, தரையோடு முகம் வைத்து முகர்ந்தேன். சாக்லெட். சந்தேகமில்லாமல் சாக்லெட். சாக்லெட் லில்லி என்றே பெயர். அந்தச் செடியின் கிழங்கையும், யாம் டெய்ஸி என்ற செடியின் கிழங்கையும் பெண்கள் குச்சியால் கிளறி எடுத்துச் சமைத்திருக்கிறார்கள். இது விராஜுரி மக்களின் மண். கான்பெரா பக்கம் நுன்னவால் மக்கள். அவர்கள் கிளறிய மண் இளகியது. அவ்வப்போது சிறு தீ வைத்துப் பழைய தாளை எரித்தார்கள். எரிக்காமலோ அறுக்காமலோ பல வருடம் விட்டால் கங்காருப் புல் தன் காய்ந்த தாளிலேயே மூச்சுமுட்டிச் சாகும். முதலில் வந்த வெள்ளைக்காரர்கள் இந்த நிலத்தைப் பார்த்துச் சீமான்களின் பூங்காபோல இருக்கிறது என்று எழுதிவைத்தார்கள். தோட்டக்காரர் யார் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆடு வந்து சில ஆண்டுகளிலேயே கிழங்குச் செடிகள் காணாமல் போயின.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். படம் எடுத்தேன். மேலே பாக்ஸ் மரத்தில் தேனீக்கள் இரைந்தன. அவள் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். கேட்டால், “பன்னெண்டு எப்பவோ தாண்டிருச்சு” என்றாள்.

வெயில் சாயும்போது வெளியே வந்து, கதவுக்கு அருகே ஷூவைக் கழற்றினேன். கணுக்காலில் சுருக்கென்று குத்தியது. இரண்டு சாக்ஸிலும் வாற்கோதுமைக் கதிர் மாதிரி முள்ளு முள்ளாக விதைகள். ஒட்டுப்புல் ஒட்டுவது நமக்குப் புதிதா என்ன, பிடுங்கிப் பிடுங்கிப் போட்டேன். அவள் முகம் மாறிவிட்டது.

“மாமா, அது பார்லிப் புல். இது உள்ள கிடையாது. ரோட்டோரத்துல இருந்து நீங்கதான் ஒட்டிக்கிட்டுப் போயிருக்கீங்க.”

கீழே போட்டவற்றைப் பொறுக்கி ஒரு டிஷ்யூ தாளில் மடித்தோம். பிறகு அவள் கதவைத் திறந்துகொண்டு மறுபடி உள்ளே போனாள். நானும் சாக்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு பின்னால் போனேன். நான் மண்டியிட்ட இடம், சம்மணம் போட்டு உட்கார்ந்த இடம், அங்கிருந்து எழுந்து போன வழி எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. இருவரும் குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் புல்லைப் பிரித்துப் பிரித்துத் தேடினோம். இருட்டுவதற்குள் இரண்டு விதை கிடைத்தன.